மைமோனிடீஸ் ஏன் அரபியில் எழுதினார்?

வணக்கம். ‘அரபியில் எழுதிய யூதர்கள் பாதி இஸ்லாமியப் பண்பாட்டுக்குள் போய்விட்டவர்கள்’ என்று ஆய்வேட்டில் எழுதினீர்கள், நெறியாளர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார் என்கிறீர்கள். கோபப்படாதீர்கள், அவர் அடித்தது சரிதான்.

இடைக்கால ஸ்பெயினின் யூதக் கவிஞர் யூதா ஹலேவியைப் பாருங்கள். இகழப்பட்ட தன் மதத்துக்காக வாதாடும் ‘குஸாரி’யை அவர் எழுதியதே அரபியில்தான், சீயோனை, அதாவது எருசலேமை, நினைத்து ஏங்கும் கவிதைகளோ எபிரேயத்தில். 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸும் அப்படியே: சட்டத் தொகுப்பான ‘மிஷ்னே தோரா’ எபிரேயம், தத்துவ நூலான ‘குழம்பியோருக்கு வழிகாட்டி’ அரபி. மதம் மாறவில்லை, எழுதும் வகைதான் மாறியது. அன்று தத்துவத்துக்கும் மருத்துவத்துக்கும் கலைச்சொற்கள் தயாராக இருந்த மொழி அரபி.

நீங்கள் தவறவிட்டது எழுத்து வடிவத்தை. வழிகாட்டியின் மொழி அரபி, எழுத்தோ எபிரேயம். எபிரேயத்தில் 22 எழுத்துகள், அரபியில் 28. இல்லாத ஒலிகளுக்கு இருக்கும் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துச் சமாளித்தார்கள். பக்கத்துத் தெரு முஸ்லிமுக்கு வாசித்துக் காட்டினால் பெரும்பாலும் புரியும், கையில் கொடுத்தால் படிக்க முடியாது. சமய அடையாளத்தை அந்தப் பக்கத்தில் தேடுங்கள். காயல்பட்டினத்து அரபுத்தமிழும் இதே கதைதான்: மொழி தமிழ், எழுத்து அரபி.

அதற்காக மொழித் தேர்வுக்குப் பொருளே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். யூதர்களின் வேதமான தோராவையே, இஸ்லாமியச் சட்டத்தைக் குறிக்கும் ‘ஷரீஆ’ என்ற சொல்லால் இவர்கள் அரபியில் கூசாமல் எழுதினார்கள். அந்த ஒரு சொல்லை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். ஆனால் 1204இல் சாமுவேல் இப்ன் திப்பொன் வழிகாட்டியை எபிரேயத்துக்குக் கொண்டுவந்தது அரபி அறியாத தெற்கு பிரான்ஸ் யூதர்களுக்காக. வாசகர் யார் என்ற கேள்வியிலிருந்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.