சந்தைச் சாமானில் பாஸ்தா: கேள்வியும் பதிலும்

காலைச் சந்தையில் கிடைப்பதை வைத்துப் பாஸ்தா சமைப்பது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே, கேட்டவரின் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுப் பதில் தருகிறேன்.

செங்கலடி: அக்கா, பாஸ்தா அவித்தால் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் எண்ணெய் விடவா?

வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவில் படிந்துவிடும். பிறகு சோஸ் அதில் பிடிக்காமல் வழுக்கும். 100 கிராமுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தளதளவென்று கொதித்த பிறகு போட்டு, முதல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். வடிக்கும் தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வைக்க மறக்க வேண்டாம். சோற்றுக் கஞ்சியைப் போல அதிலும் மாப்பொருள் இருக்கிறது. எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாமல் சேர்ப்பது அதுதான்.

களுவாஞ்சிக்குடி: வாவி இறாலில் இரண்டு பேருக்குச் சுலபமாக ஒன்று சொல்லுங்கள்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். கால் கிலோ இறால் வாங்குங்கள், தலையோடு. கடையில் உரித்துத் தரச் சொல்ல வேண்டாம், ருசியில் பாதி தலையிலும் ஓட்டிலும் இருக்கிறது. வீட்டில் உரித்து, தலையையும் ஓட்டையும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, அகப்பையால் நசுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 200 கிராம் ஸ்பகெட்டியை அவியப் போடுங்கள். தாச்சியில் ஆறு பல் உள்ளியை மெல்லிய தீயில் வதக்குங்கள். உள்ளி கருகினால் கசக்கும், அதை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. இரண்டு செத்தல் மிளகாய், நறுக்கிய மூன்று பழுத்த தக்காளி, பிறகு அந்த ஓட்டுச் சாறு. பாஸ்தா பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே ஸ்பகெட்டியை எடுத்துத் தாச்சியில் போடுங்கள். வடித்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. இறால் கடைசியில், நிறம் மாறினால் போதும். இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள்.

காத்தான்குடி: பேசில் இலைக்கு எங்கே போவது?

பலூடாவுக்குப் போடும் கறுப்புக் கசகசா விதையை ஒரு சட்டியில் தூவுங்கள். அதுதான் திருநீற்றுப்பச்சை, பேசில் இனம். வாசம் இத்தாலிய இலையை விடச் சற்றுக் காரமாக இருக்கலாம், பாஸ்தாவுக்கு நன்றாகவே பொருந்தும்.

அக்கரைப்பற்று: எருமைத் தயிரில் கிறீம் சோஸ் வருமா?

வரும். அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதித்தால் திரிந்துவிடும்.

வாழைச்சேனை: ஒட்டாமல் இருக்க எண்ணெய் விட்டால் என்ன?

முதல் பதிலைப் பாருங்கள், தம்பி.

கல்முனை: அந்த இறாலுக்குத் தேங்காய்ப்பால் விட்டால் இன்னும் ருசி, அக்கா.

திருக்கோவில்: தேங்காய்ப்பால் விட்டால் அது பாஸ்தா இல்லை, சொதி. இத்தாலிக்காரர் ஒத்துக்கொள்வார்களா?

இத்தாலியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அங்கேயே ஊருக்கு ஊர் வேறு. ஜெனோவாவில் பேசிலை அரைத்துச் சேர்ப்பார்கள், சிசிலியில் சாளை மீனும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் போடுவார்கள். பக்கத்தில் விளைந்ததையும் பிடிபட்டதையும் சமைத்தார்கள். அப்படிப் பார்த்தால் நமக்குத் தேங்காய் எப்படி அந்நியமாகும்? என் மறுப்பு வேறு. காலையில் பிடித்த இறாலின் இனிப்பை முதற்பால் மூடிவிடும்.

கல்முனை: இறால் கறியில் மூடவில்லையே?

சரி, நியாயமான கேள்வி. கறியில் மிளகாய்த்தூளும் புளியும் பாலோடு சண்டை பிடித்துச் சமன் செய்கின்றன. இந்தப் பாஸ்தாவில் உறைப்பும் புளிப்பும் அந்த அளவுக்கு இல்லை. பால்தான் வேண்டுமென்றால் தக்காளியைக் குறைத்து, கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் சேர்த்து, இரண்டாம் பாலில் செய்யுங்கள். அது நல்ல சாப்பாடு. ஆனால் வேறு சாப்பாடு.

திருக்கோவில்: அப்படியானால் சீஸ்?

இறாலுக்கு வேண்டாம். இதில் நான் இத்தாலிக்காரர் பக்கம்.

ஏறாவூர்: பாஸ்தா ஒட்டாமல் இருக்க...

எண்ணெய் வேண்டாம். வடித்த தண்ணீரையும் முழுவதும் ஊற்றிவிட வேண்டாம்.