நிறைய பேர் படிக்கும் எழுத்து ஏன் எப்போதும் நல்ல எழுத்தாக இருப்பதில்லை?

இத்தனை பேர் படித்தால் நன்றாகத்தானே இருக்கும் என்று கேட்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 14,000 பேருக்கு அதிகம் அறியப்படாத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது தெரியும்படி தனித்தனிக் குழுக்கள். ஒரு குழுவில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40-ஆவது. பாட்டு அதேதான், முதலில் வந்தவர்கள் எதைத் தொட்டார்கள் என்பதுதான் வேறு.

எழுத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அப்புறம், பழகிய கதை சட்டென்று மனதில் இறங்கிவிடும்: கடைசிப் பக்கத்தில் மனம் மாறும் அப்பா, மழையில் பிரியும் காதலர்கள். அடுத்த வரி நமக்கே தெரிவது ஒரு சுகம். புதிதாகச் சொல்பவரோ நம்மைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறார். அந்த இடத்தில்தான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.