யூரியாவோடு தலையில் கட்டிய 'வேம்' பாக்கெட்

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு முள்ளு கத்தரிதான் பயிர். யூரியா வாங்கப் போனால், 'வேம்' (VAM) என்கிற உயிர் உரப் பாக்கெட்டும் சேர்த்து எடுத்தால்தான் மூட்டை தருவேன் என்கிறார் கடைக்காரர். பிரித்துப் பார்த்தால் மணல் மாதிரி இருக்கிறது. ஏமாற்று வேலையா?

பதில்: கட்டாயப்படுத்தி விற்றது தப்புதான். மானிய உரத்தோடு வேறு சரக்கைத் தலையில் கட்டக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் பில் வாங்கி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். சரக்கே மோசம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் மணல் மாதிரி இருக்கிறது என்பதற்காக அதைப் போலி என்று சொல்ல முடியாது. வேம் என்பது வேர் உட்பூசணம், அதாவது செடியின் வேருக்குள் வாழ்ந்து அதற்கு உதவுகிற பூசணம். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரத்தை ஆய்வகக் கரைசலில் பெருக்குவது போல இதைத் தனியாகப் பெருக்க முடியாது, உயிருள்ள வேர் வேண்டும். அதனால் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் மக்காச்சோளம் விதைத்து, அதன் வேரில் பூசணத்தை ஏற்றி, பிறகு வேரை நறுக்கி வெர்மிகுலைட்டோடு சேர்த்தே பாக்கெட் போடுகிறார்கள். மினுமினுக்கும் துகளும் நடுவே பொடி வேரும் கிடப்பது இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது உற்பத்தித் தேதி, காலாவதி, பேட்ச் எண், அப்புறம் கிராமுக்கு எத்தனை உயிருள்ள பூசண வித்து என்ற கணக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குறைந்தது 100 இருக்க வேண்டும். இந்த விவரம் அச்சிடாத பாக்கெட்டை அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது, வீணாக்க வேண்டாம். வேர் எட்டாத இடத்துக்கும் இந்தப் பூசண இழை போய் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும், பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டினால் செடி இந்தப் பூசணத்தைச் சீண்டாது, வீட்டிலேயே சோறு இருக்கும்போது யார் மெஸ்ஸுக்குப் பணம் கட்டுவார்கள்? நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே விழுகிற மாதிரி போடுங்கள். வளர்ந்த செடியைச் சுற்றி மேலாகத் தூவினால் வேரைத் தொடாது, காசுதான் போகும். நாற்றங்காலில் கார்பன்டாசிமும் ஊற்றாதீர்கள், அதுவே பூசணக்கொல்லி.

கேள்வி: காட்பாடியில் மாடித்தோட்டம். 'எல்லாப் பயிருக்கும் ஏற்றது' என்று போட்டிருந்த மைக்கோரைசா பவுடரை ஆன்லைனில் வாங்கி முட்டைக்கோஸ், முள்ளங்கி, பாலக்கீரைக்குப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். மைக்கோரைசா என்பதும் மேலே சொன்ன வேம் வகைப் பூசணம்தான். கோஸ், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம், அந்தக் குடும்பம் இந்தப் பூசணத்தோடு சேராது. பாலக், பீட்ரூட்டும் அப்படித்தான். ஆகவே 'எல்லாப் பயிருக்கும்' என்பது தவறான விளம்பரம். அந்த வாசகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு முதலில் விற்றவருக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, புகாரை இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மிச்சப் பவுடரை வெண்டை, தக்காளி, மிளகாய்க்குப் போடுங்கள். பாக்கெட்டை மாடி ஷெட்டில் மட்டும் வைக்காதீர்கள். வேலூர் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எந்த வித்தும் தாங்காது.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் நல்ல வேம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், ஒரு தொட்டியில் மண்ணும் மணலும் கலந்து, அதில் ஒரு கைப்பிடி போட்டு, மேலே மக்காச்சோளமோ சோளமோ விதைத்து இரண்டு மாதம் வளருங்கள். உரம் எதுவும் வேண்டாம். அப்புறம் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தட்டையை அறுத்து எடுத்துவிட்டு, வேரை நறுக்கி அந்த மண்ணோடேயே அடுத்த நாற்றங்காலுக்குப் போடலாம்.