லாரி டயர் நட்டும் நகராத பகலும்

கேள்வி: அண்ணாச்சி, போன மாசம் பத்தமடை பக்கம் பைக்கில் வரும்போது எதிரே லாரி. சறுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. விழுந்த அந்த இரண்டு மூன்று நொடியில் லாரி டயரின் நட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்த ஞாபகம். எல்லாம் மெதுவாக நடந்ததுபோல இருந்தது. இப்போது மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறேன். பகல் நகரவே மாட்டேன் என்கிறது. ஆனால் ஐந்து வாரம் எங்கே போனதென்றும் தெரியவில்லை. என் தலையில் ஏதும் கோளாறா?
– பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, கால்தானே என்று தலையைக் காட்டாமல் விட்டிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது நல்ல தலைக்குள்ளும் நடப்பதுதான்.

டேவிட் ஈகிள்மேன் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளரின் குழு, ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க விழவிட்டுப் பார்த்தது. பயப்பட வேண்டாம், கீழே வலை உண்டு. முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. விழுகிறவர் கையில் ஒரு கருவி. அதில் எண்கள் சாதாரணக் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் மாறி மாறி மினுங்கும். பயத்தில் காலம் நிஜமாகவே மெதுவானால் அதைப் படித்துவிடலாம் இல்லையா? முடியவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் விழுந்தீர்கள் என்று கேட்டபோது, அடுத்தவர் விழுந்ததைவிடத் தாங்கள் விழுந்த நேரம் சராசரியாக 36 சதவீதம் அதிகம் என்றார்கள்.

அதாவது அந்த நேரத்தில் கண் வேகம் பிடிக்கவில்லை. ஞாபகம்தான் அடர்த்தியாகப் பதிந்திருக்கிறது. உயிர்ப் பயம் வந்தால் மூளை வழக்கத்தைவிட அதிகமாக எழுதி வைக்கும் என்பது அவர்கள் விளக்கம். பிறகு புரட்டும்போது இத்தனை பக்கமா, அப்போ ரொம்ப நேரம் ஆகியிருக்கும் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். நீங்கள் நட்டைப் பார்த்தது பொய்யில்லை. நொடி நீண்டதாகத் தோன்றுவது அப்புறம் வந்த கணக்கு.

உங்கள் ஐந்து வாரம் இதற்கு நேர்தலைகீழ். தினமும் அதே கட்டில், அதே மின்விசிறி. எழுதி வைக்க ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் காலிப் பக்கம், அதனால் குட்டையாகத் தெரிகிறது. கடக்கும்போது நீளுவது வேறு காரணத்தால். செய்ய வேலையில்லாத மனசு நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வலியும் எப்போது நடப்போமோ என்ற ஏக்கமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தூரம் போனவர் வரும் நாளை எண்ணி ஏங்குகிறவர்க்கு 'ஒருநாள் எழுநாள்போல் செல்லும்' என்கிறது குறள்.

என் மனைவியின் பிரசவத்தின்போது வார்டு வாசலில் நின்ற நான், சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நர்சிடம் புகாரே சொன்னேன். "அது ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணாச்சி, நீங்க உக்காருங்க" என்றார்.

சரி, என்ன செய்யலாம்? கட்டிலுக்கு எதிரே கடிகாரம் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சாயங்காலம் யாராவது கைத்தாங்கலாக அழைத்துப்போனால் திண்ணையிலோ தெருவிலோ உட்காருங்கள். ஆற்றங்கரைவரை ஆட்டோவில் போக முடிந்தால் இன்னும் நல்லது. கட்டு நனையாமல் கரையோடு நிற்க வேண்டும். தினமும் ஒன்றாவது மாறட்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த லாரி தூக்கத்தில் வந்து எழுப்புகிறது, ஹார்ன் சத்தத்துக்கே உடம்பு நடுங்குகிறது, ஒரு மாசம் தாண்டியும் குறையவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம், இலவசம்தான். கட்டுப் பிரித்த உடனே பைக்கைத் தொடாதீர்கள். முதல் தடவை பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இடத்தைத் தாண்டிப் பாருங்கள்.