கேள்வி – பதில்: பயிற்சியில் அடிக்கும் ஷாட்டும் பட்டியலில் வரும் சதவீதமும்

கேள்வி: கால்பந்து எனக்குத் தொழில் அன்று, ஆனாலும் விடாமல் ஆடி வருகிறேன். தனியாகப் பயிற்சி செய்யும்போது, பெனால்டி கட்டத்தின் விளிம்பிலிருந்து அடிக்கும் 100 பந்துகளில் 70 வரை கோலுக்குள் போகின்றன. பெரிய லீக்குகளில் ஆடும் பெயர்பெற்ற முன்கள வீரர்களின் ஷாட் துல்லியமோ 40, 45 சதவீதம் என்றே பட்டியல்களில் காணப்படுகிறது. அவர்களைவிட நான் துல்லியமாக அடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. கணக்கில் எங்கே பிசகு?

பதில்: உங்கள் கூச்சம் நியாயமானது. ஆனால் கணக்கில் பிசகு எதுவும் இல்லை. இரண்டு எண்களும் சரியானவையே. அவை அளக்கும் பொருள்தான் வெவ்வேறு.

ஆட்டப் புள்ளிவிவரத்தில் ஒரு ஷாட் 'இலக்கை நோக்கியது' என்று பதிவாக வேண்டுமானால், அது கோலாகியிருக்க வேண்டும். அல்லது கோல்கீப்பரோ, கோலுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் தடுப்பாட்ட வீரரோ குறுக்கிட்டிராவிட்டால் நிச்சயம் உள்ளே போயிருக்க வேண்டும். கம்பத்தில் பட்டு வெளியே தெறித்த பந்து இலக்கைத் தவறவிட்டதாகவே எழுதப்படும். வெளியே போய்க்கொண்டிருந்த பந்தைக் கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டாலும், அரங்கமே கைதட்டினாலும், அடித்தவர் கணக்கில் அது இலக்கை நோக்கிய ஷாட் ஆகாது. பயிற்சியில் நாம் இவ்வளவு கறாராக இருப்பதில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு, ஷாட் அடிக்கப்படும் சூழ்நிலையில் இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டிருக்கும் பந்தை, நீங்கள் தேர்ந்த இடத்திலிருந்து, உங்களுக்குத் தோன்றிய நேரத்தில், வலுவான காலால் அடிக்கிறீர்கள். ஆட்டத்தில் வரும் பந்து உருண்டும் துள்ளியும் வருகிறது. சில நேரம் தலையால் முட்ட வேண்டியிருக்கிறது, அந்த முட்டல்களும் அதே சதவீதத்துக்குள்தான் அடங்குகின்றன. பக்கத்தில் ஒருவர் தோளால் நெருக்க, முன்னால் ஒருவர் காலை நீட்ட, கோல்கீப்பர் இரண்டடி முன்னால் வந்து கோணத்தைக் குறுக்க, அரை நொடிக்குள் முடிவெடுத்து அடித்த பந்துகளின் தொகுப்பே அந்த 40 சதவீதம். கோல்கீப்பர் நிற்பதாலேயே வீரர்கள் மூலையை நாடுகிறார்கள். கம்பத்தை ஒட்டி அடிக்கத் துணியும்போது சில பந்துகள் வெளியே போவது அந்தத் துணிச்சலுக்குக் கொடுக்கும் விலை. ஆளில்லாத கோலின் நடுவில் அடித்த பந்தும் உங்கள் குறிப்பேட்டில் வெற்றியாகவே பதிவாகிறது. ஆட்டத்தில் அதே பந்து கோல்கீப்பரின் மார்பில் போய் விழும். பெரிய லீக்குகளில் சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒன்றுதான் கோலாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த நடுப்பகுதிப் பந்துகளின் மதிப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

கேள்வி: ஒரே வீரர், ஒரே பருவம், ஆனால் ஓர் இணையதளம் துல்லியம் 33 சதவீதம் என்கிறது, இன்னொன்று 44 என்கிறது. எதை நம்புவது?

பதில்: பெரும்பாலும் இரண்டையுமே நம்பலாம், வகுத்த எண் எது என்று பார்த்துவிட்டால் போதும். ஒருவர் 12 ஷாட் அடித்தார், அவற்றில் 4 இலக்கை நோக்கிச் சென்றன, 5 வெளியே போயின, 3 தடுப்பாட்ட வீரர்களின் உடலில் பட்டு நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தடுக்கப்பட்டவற்றையும் சேர்த்து 12-ஆல் வகுத்தால் 33 சதவீதம். அவற்றை நீக்கிவிட்டு 9-ஆல் வகுத்தால் 44 சதவீதம். உயர்நிலை லீக்குகளில் எல்லா ஷாட்டுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படித் தடுக்கப்படுவதால், இந்த வேறுபாடு சிறியதாக இருப்பதில்லை. தனியாகப் பயிற்சி செய்பவரின் பந்தைத் தடுக்க யாரும் இல்லை. ஆகவே அவர் ஒப்பிட விரும்பினால் தடுக்கப்பட்டவற்றை நீக்கிய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: பயிற்சியைக் குறித்துவைக்க ஒரு நல்ல முறையைச் சொல்லுங்கள். 'உள்ளே', 'வெளியே' என்று மட்டும் கோடு போட்டு வருகிறேன்; ஆறு மாதமாகியும் அதிலிருந்து எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதில்: அந்த இரண்டு சொற்களிலிருந்து கற்க அதிகம் இல்லைதான். எங்கே அடிக்க நினைத்தீர்கள் என்பது பதிவாகாதவரை, பந்து எங்கே போயிற்று என்பதற்குப் பொருள் கிடையாது. வலது கீழ் மூலையைக் குறிவைத்த பந்து இடது மேல் மூலையில் அழகாகப் போய்ச் சேர்ந்தால், அது கோல். ஆனால் துல்லியம் அன்று.

முழு அளவுக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அகலம் உயரத்தின் சரியாக மூன்று மடங்கு என்பது நமக்கு வசதியாகப் போயிற்று: குறுக்குக் கம்பத்திலிருந்து இரண்டு இடங்களில் கயிறு தொங்கவிட்டால் மூன்று சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பாதி உயரத்தில் மேல், கீழ் என்று பிரித்தால் ஆறு கட்டங்கள். இடது மேலிருந்து தொடங்கி அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். அடிப்பதற்கு முன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடியுங்கள். மனத்துக்குள் சொன்னால், பந்து போன பிறகு எண் மாறிவிடும். குறிப்பேட்டில் ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி: தூரம், எந்தக் கால், பந்து நின்றதா உருண்டதா, சொன்ன கட்டம், விழுந்த கட்டம். வெளியே போனால் மேலேயா, இடமா, வலமா என்று ஓர் எழுத்து போதும். 2, 5 ஆகிய நடுக்கட்டங்களைக் குறிவைப்பதையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

தூரத்தைத் தனியாகக் குறிப்பது மிக முக்கியம். பெனால்டி புள்ளியிலிருந்து, அதாவது 11 மீட்டரிலிருந்து, பார்ப்பவருக்குக் கோல் ஏறத்தாழ 37 பாகை அகலமாகத் தெரிகிறது. நேர் எதிரே 20 மீட்டருக்குப் போனால் அது 21 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் கால் ஒரு பாகை பிசகினால், 11 மீட்டரில் பந்து 19 சென்டிமீட்டர் விலகும், அதாவது ஏறக்குறைய ஒரு பந்தின் அகலம். 20 மீட்டரில் அதே பிசகு 35 சென்டிமீட்டராகிவிடும். இரண்டு தூரங்களையும் கலந்து ஒரே சதவீதம் எழுதினால், அந்த வாரம் கோலுக்கு எவ்வளவு அருகில் நின்றீர்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்லும்.

இப்படி எழுதிவைத்தால் சில வாரங்களிலேயே ஏதாவதொன்று கண்ணில் படும். வெளியே போனவற்றில் பெரும்பகுதி மேலே போயிருந்தால், அடிக்கும் நொடியில் உடல் பின்னால் சாய்கிறதா, ஊன்றிய கால் பந்துக்குப் பின்தங்குகிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாக விலகினால் ஊன்றிய காலின் விரல்கள் எந்தத் திசையைக் காட்டுகின்றன என்று கவனியுங்கள். சிறிய கோலில் பயிற்சி செய்பவர்கள் அதன் அளவையும் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஃபுட்சால் என்னும் ஐவர் உள்ளரங்கக் கால்பந்தில் கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர்தான்.

கேள்வி: கைபேசியில் படம் பிடித்து எண்ணினால் போதாதா?

பதில்: போதும். கைபேசியை அடிப்பவருக்குப் பின்னால், கோல் முழுவதும் தெரியும்படி அசையாமல் வையுங்கள். ஆனால் எந்தக் கட்டத்தைக் குறிவைத்தீர்கள் என்பதைப் படம் காட்டாது. அதைக் கேட்கும்படி சொல்லிவிட்டே அடிக்க வேண்டும்.

கேள்வி: போன வாரம் 20-க்கு 14, இந்த வாரம் அதே தூரத்தில் 20-க்கு 9. என் ஆட்டம் சரிந்துவிட்டதா?

பதில்: அப்படிச் சொல்ல இடமில்லை. உங்கள் உண்மையான திறன் 60 சதவீதம் என்றும், அது சற்றும் மாறவில்லை என்றும் கொள்வோம். அப்போதும் இருபது உதைகளில் 8 முதல் 16 வரை எந்த எண் வந்தாலும் வியப்பதற்கில்லை. தற்செயலே அவ்வளவு ஆட்டம் காட்டும். 100 உதைகளில் அந்த ஊசலாட்டம் இரு பக்கமும் பத்துப் புள்ளிகளாகக் குறைகிறது. அதை மேலும் பாதியாக்க வேண்டுமென்றால் 400 உதைகள் வேண்டும். ஆகவே ஒரு நாளின் சதவீதத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஒரே தூரம், ஒரே கால், ஒரே வகைப் பந்து என்று சேர்ந்த நூறு உதைகளை முந்தைய நூறோடு வைத்துப் பாருங்கள். இதே ஐயத்தைத் தொழில்முறை வீரர்களின் எண்களிடமும் கேட்கலாம். ஒரு லீக் பருவத்தில் 100 ஷாட் அடிப்பவரே மிக அதிகமாக அடிப்பவர்களில் ஒருவர். அவருடைய துல்லியம் 35-லிருந்து 41 ஆனது என்று படித்தால், அதைத் திறனின் வளர்ச்சி என்று நான் உடனே ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் அவர்களோடு நேராக ஒப்பிடக்கூடிய ஷாட் ஒன்றுகூட இல்லையா?

பதில்: ஒன்று இருக்கிறது: பெனால்டி. அதே 11 மீட்டர், நின்ற பந்து, குறுக்கே தடுப்பாட்ட வீரர் கிடையாது. தொழில்முறை ஆட்டங்களில் பெனால்டிகளில் 75 முதல் 80 சதவீதம் கோலாகின்றன. கோலாகாதவற்றில் பெரும்பகுதி கோல்கீப்பர் தடுத்தவை. கம்பத்தில் பட்டவற்றையும் சேர்த்து, இலக்கைத் தவறவிட்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆளில்லாத கோலில் 11 மீட்டரிலிருந்து 70 சதவீதம் அடிப்பவர், கோல்கீப்பர் முன்னால் நின்றும் 90 சதவீதத்துக்கு மேல் இலக்கை நோக்கி அடிக்கிறவர்களோடு தம்மை ஒப்பிடுகிறார். இங்கே முந்தைய பட்டியல் தலைகீழாகிவிடுகிறது.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சியில் பத்துப் பெனால்டிகளைத் தொடர்ந்து அடிக்கும்போது, முதல் உதையின் பிசகை இரண்டாவது உதை திருத்திக்கொள்கிறது. ஆட்டத்தில் அந்த வாய்ப்பு பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் துணைசெய்யும் என்ற உறுதி இல்லை. 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில், பிரான்ஸுக்கு எதிராக இங்கிலாந்தின் ஹாரி கேன் முதல் பெனால்டியைக் கோலாக்கினார். 84-ஆம் நிமிடத்தில் கிடைத்த இரண்டாவதைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தார். ஆகவே ஒவ்வொரு நாளும், உடலைத் தயார்செய்து ஓடி மூச்சு வாங்கிய பிறகு அடிக்கும் முதல் பெனால்டியை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அன்றைக்கு அதற்கு மறுவாய்ப்பு கிடையாது. முடிந்தால் ஒரு நண்பரைக் கோலில் நிறுத்தி, அவர் தடுத்ததையும் நீங்கள் தவறவிட்டதையும் வெவ்வேறு குறியால் காட்டுங்கள். தொழில்முறைப் பட்டியலுக்கு அருகில் வைத்துப் பார்க்கத் தகுந்தது அந்தப் பக்கம் ஒன்றே. அதுவும் நூறு வரிகள் சேர்ந்த பிறகு.