எங்கலாபியைத் தோலோடு கொண்டுவர வேண்டாம்

உகாண்டாவின் கம்பாலாவில் வாங்கிய எங்கலாபி முழவின் தோல் கிழிந்துவிட்டது, அது என்ன தோல், சென்னைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

விளிம்பருகே விரலால் தடவிப் பாருங்கள். கேழ்வரகைப் பரப்பி ஒட்டியதுபோல் சின்னச் சின்ன மணிகள் வரிசையாகத் தட்டுப்பட்டால் அது நைல் உடும்பு. அங்குள்ள பாகண்டா மக்களின் லுகாண்டா மொழியில் என்ஸ்வாஸ்வா என்பார்கள். ஆட்டுத் தோல் என்றால் மயிர்க்கால் புள்ளிகள்தான் தெரியும். பாகண்டா மக்கள் மரபாக உடும்புத் தோலைத்தான் இழுத்து, மரமுளை அடித்துப் பொருத்துவார்கள். இறந்தவரின் வாரிசை அமர்த்தும் சடங்கில் ஒலிக்கிற முழவு அது, வெறும் அலங்காரப் பொருள் இல்லை. நம் கஞ்சிராவுக்கும் மரபாக உடும்புத் தோல்தானே. அந்த மெல்லிய தோலின் கணீர் ஓசை உங்களை ஏன் இழுத்தது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் சட்டம் வேறு. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் பட்டியலில் நைல் உடும்பு இருக்கிறது. உகாண்டாவின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எடுத்துவந்தால் சுங்கத்தில் பறிபோகும். இங்கேயும் உடும்புகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, அதனால் புதிய உடும்புத் தோலைத் தேடவே தேடாதீர்கள்.

தோலை அங்கேயே கழற்றிவிட்டு மரக்கூட்டை மட்டும் கொண்டுவாருங்கள். மிருதங்கம் மூட்டுபவரிடம் கொடுத்தால் மெல்லிய ஆட்டுத் தோல் போட்டுத் தருவார். அப்புறம், பழைய மரமுளைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் துளைகளுக்கென்றே செதுக்கியவை அவை.