பின்லாந்தில் தனியே சைக்கிள் பயணம்: எதை வாங்குவது, எதை விடுவது?

வசந்தம் வந்ததும் சைக்கிள் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். அவற்றில் பின்லாந்தின் கிராமப்புறத்தில் தனியாக நெடுந்தூரம் போகக் கிளம்புகிறவர்கள் கேட்டதை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எஸ்போவில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் துர்குவில் கிளம்பி, மேற்குக் கடற்கரை வழியாக ரொவானியெமி வரை தனியாகப் போக ஆசை. டூரிங் சைக்கிள் என்று கடையில் காட்டுவதெல்லாம் 1,500 யூரோவுக்கு மேல் இருக்கிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? பழையது வாங்கினால் ஏமாந்துவிடுவேனோ?

பதில்: முதல் பயணத்துக்குப் புதிது வேண்டாம். நீங்கள் சொல்லும் வழி பொரி, வாசா, ஓலு, கெமி என்று போகும். அதில் பெரும்பகுதி தட்டையான நிலம். பத்து வருடம் பழைய ஹைபிரிட் சைக்கிள்கூட, அதாவது தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானதுகூட, தாராளமாக இழுத்துவிடும். சைக்கிளின் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு அகல டயர் நுழையும் என்பதைப் பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கடற்கரையை ஒட்டிப் போகும் எட்டாம் எண் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாது. ஓரத்தில் சைக்கிளுக்கு விட்டிருக்கும் இடம் பல இடங்களில் ஒரு முழம்கூட இல்லை. அதனால் பக்கத்துச் சின்னச் சாலைகளுக்குத்தான் போவீர்கள். பின்லாந்தில் அரசுப் பராமரிப்பில் உள்ள சாலைகள் சுமார் 78,000 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தார் போடாத கப்பிச் சாலை. காட்டுச் சாலைகள் இந்தக் கணக்கில் சேராது. நல்ல கப்பிச் சாலை சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அலை அலையாக வரி விழுந்த இடத்திலும், இயந்திரம் வைத்துப் புதிதாகச் சீவிவிட்ட இடத்திலும் 28 மில்லிமீட்டர் டயரோடு போனால் பல் ஆடும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத, பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் போடுங்கள். ஷ்வால்பே மாரத்தான் போன்ற இந்த வகை டயர்கள் எடை அதிகம் என்று குறை சொல்வார்கள். எடை இருக்கட்டும், காட்டு நடுவில் மழையில் நின்று டியூப் மாற்றுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

சக்கர அளவும் முக்கியம். ஊர்க் கடைகளிலும் பிரிஸ்மா, மோடோனெட் போன்ற பெரிய கடைகளிலும் எளிதாகக் கிடைப்பது 28 அங்குலச் சக்கரத்துக்கான டியூப், அதாவது 622 என்று டயரில் அச்சிட்டிருக்கும் அளவு. வித்தியாசமான அளவில் சக்கரம் இருந்தால் உதிரி டயர் ஒன்றையும் நீங்களே சுமக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் குழாய் கார் வால்வுக்கானது. உங்கள் சைக்கிளில் இருப்பது ஒல்லி வால்வு என்றால், சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு யூரோ சமாசாரம்.

அடுத்தது பின்சக்கரம். சுமை முழுக்க அதன் மேல்தான் உட்காரும். 36 போக்ஸ் கம்பி இருந்தால் நல்லது, 32 இருந்தாலும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து இழுவையைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். கேரியர் மாட்ட ஃபிரேமில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். துளை இல்லாத ஃபிரேமில் கிளிப் போட்டுச் சமாளிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

பழையது வாங்க தோரி என்ற இணையச் சந்தையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஹெல்காமா, துந்துரி, பெலாகோ என்று உள்நாட்டுப் பெயர்கள் நிறைய வரும். இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. பொதுவான விற்பனைச் சட்டம் மட்டும்தான். பழைய சைக்கிளையே விற்கும் கடையில் வாங்கினால் கடைக்காரருக்குப் பொறுப்பு உண்டு. ஐம்பது, நூறு யூரோ கூடுதலாகக் கேட்டாலும் கடையையே நான் சொல்வேன். தனிநபரிடம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஃபிரேமின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், முதலில் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். ஹெல்சிங்கிப் பக்கம் சைக்கிள் திருட்டு சாதாரணம். ரசீதும் இல்லை, எண்ணும் சுரண்டப்பட்டிருக்கிறது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, கப்பிச் சாலைகளில் தூசி பறக்காமலிருக்க கால்சியம் குளோரைடு உப்பு தெளிப்பார்கள். அது ஈரத்தோடு செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொண்டால் துருப்பிடிக்கும். கேம்பிங் தலத்தில் தண்ணீர்க் குழாயைப் பார்த்தால் முதலில் சைக்கிளைக் குளிப்பாட்டிவிட்டு, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: போன வருடம் ஒரு கடையில் புது சைக்கிள் வாங்கினேன். ஏழாவது மாதத்தில், பயணத்தின் நடுவே பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் வரிசையாக உடைந்தன. 'சக்கரத்துக்கு வாரண்டி ஆறு மாதம்தான்' என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். கடை தரும் வாரண்டி வேறு, சட்டப்படி விற்பவருக்கு உள்ள குறைபாட்டுப் பொறுப்பு வேறு. இரண்டாவதை வாரண்டிச் சீட்டு எதுவும் குறைக்க முடியாது. பொருளை ஒப்படைத்து ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2022 தொடக்கத்தில் இப்படி மாற்றினார்கள், அதற்கு முன் ஆறு மாதம். உங்கள் கடைக்காரர் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறார் போல. குறை உங்கள் உபயோகத்தால் வந்தது என்று அவர் சொல்வதானால் நிரூபிப்பதும் அவர் வேலை. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினீர்கள் என்று அவர் காட்டிவிட்டால் கதை மாறும். அதனால் சைக்கிளின் கையேட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச எடையை முதலில் பாருங்கள். பெரும்பாலும் சைக்கிள், ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்த எடையாக அது இருக்கும்.

குறையைக் கண்ட இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவித்திருந்தால் தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது. மின்னஞ்சலே போதும், உடைந்த கம்பிகளைத் தூக்கி எறியாதீர்கள். கடை மசியவில்லை என்றால் பின்லாந்தின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்தின் கீழ் உள்ள நுகர்வோர் ஆலோசனைச் சேவையைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் தகராறு வாரியம் இருக்கிறது. அதன் முடிவு பரிந்துரைதான், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் பெயருக்குப் பயப்படும் கடைகள் பெரும்பாலும் கேட்டு நடக்கும்.

கேள்வி: சென்னையிலிருந்து சைக்கிளோடு விமானத்தில் வருகிறேன். கேஸ் ஸ்டவ் கொண்டுவரலாமா?

பதில்: அடுப்பைக் கொண்டுவரலாம், சுத்தமாக எரிபொருள் வாடையே இல்லாமல் இருக்க வேண்டும். கேஸ் குப்பியை எந்தப் பையிலும் வைக்க முடியாது. ஹெல்சிங்கியில் பார்ட்டியோஐட்டா போன்ற கடைகளில் திருகு வகைக் குப்பி கிடைக்கும். வடக்கே சின்ன ஊர்களில் அது எப்போதும் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. நான் ஸ்பிரிட் அடுப்பின் கட்சி. ஸ்வீடனின் ட்ராங்கியாவில் கெட்டுப்போக ஒரு பாகம்கூட இல்லை. அதற்கான சினோல் என்ற ஸ்பிரிட் பாட்டில் சூப்பர் மார்க்கெட்டிலும் பெட்ரோல் பங்கிலும் சர்வ சாதாரணம். தண்ணீர் கொதிக்க நேரம் கூடும். அவசரம் என்ன, ஜூனில் இருட்டவா போகிறது?

விறகு போட்டுத் தீ மூட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கூடாது. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் அனுமதி இருந்தாலும் கூடாது. கேஸ், ஸ்பிரிட் அடுப்புகளுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: எங்கு வேண்டுமானாலும் டென்ட் போடலாம் என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் எப்படிப்பட்ட டென்ட், என்ன ஸ்லீப்பிங் பேக்?

பதில்: பாதி உண்மை. அங்கே எல்லோருக்கும் உள்ள நடமாட்ட உரிமையின்படி, அடுத்தவர் காட்டில் ஓரிரு இரவு அனுமதி கேட்காமல் தங்கலாம். வீட்டு முற்றம், விளைநிலம், குடியிருப்புக்குக் கூப்பிடு தூரம் ஆகியவை ஆகாது. தேசியப் பூங்காக்களில் குறித்த இடங்களில் மட்டும்தான். ஏரிக்கரை நல்ல இடமாகத் தெரியும், ஆனால் பக்கத்திலேயே யாருடைய கோடைக் குடிலாவது மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

முன்பக்கம் திறந்த மரக் கொட்டகைகள் நிறைய இடங்களில் உண்டு. லாவு என்பார்கள். அடுப்படியும் பல இடங்களில் விறகும் இலவசம். அதை நம்பி டென்ட் இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், கொசு விடாது.

டென்டில் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். ஒன்று, ஆணி அடிக்காமலே நிற்க வேண்டும். காரணம், பல இடங்களில் அரையடிக்குக் கீழே கருங்கல் பாறை. இரண்டாவது வலை. வடகோடியில் உள்ள லாப்லாந்தில் கொசு மட்டுமல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடி ஈக்களும் கடிக்கும், சாதாரண வலைக்குள் நுழைந்துவிடும். வலையின் கண் எவ்வளவு நுண்ணியது என்று கடையிலேயே கேளுங்கள். தலைக்கு மாட்டும் வலைத் தொப்பியும் சேர்த்து வாங்குங்கள், ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அதுதான் தெய்வம்.

ஸ்லீப்பிங் பேக் அட்டையில் மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் கவர்ச்சியாக இருக்கும் எண்ணை விட்டுவிட்டு 'கம்ஃபர்ட்' என்ற எண்ணைப் படியுங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, தூங்குவதற்கானது அல்ல. ஜூலையில் தெற்கே 5 டிகிரி போதும். லாப்லாந்து, ஆகஸ்ட் என்றால் 0 டிகிரி. அப்புறம், கோடை இரவின் வெளிச்சத்தில் தூங்க, கண்மறைப்புத் துணி ஒன்று.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். கரடி, வழிப்பறி எல்லாவற்றுக்கும் சேர்த்து மிளகு ஸ்ப்ரே வாங்கலாமா?

பதில்: பின்லாந்தில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுபோவது சட்டப்படி சிக்கல். கரடி ஆளரவம் கேட்டால் ஒதுங்கிவிடும். சைக்கிள் மணியை அவ்வப்போது அடியுங்கள், மணி அங்கே சட்டப்படி கட்டாயம் இருக்க வேண்டியதும்கூட. அந்தக் காசுக்கு நல்ல பவர் பேங்க் வாங்குங்கள். '112 சுவோமி' என்ற இலவசச் செயலி வழியாக அவசர எண்ணைக் கூப்பிட்டால் நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குப் போய்விடும். பெயர்ப்பலகையே இல்லாத காட்டுச் சாலையில் இதைவிடப் பெரிய துணை இல்லை. கிழக்கு எல்லையை ஒட்டி, யூரோவேலோ 13 என்ற ஐரோப்பிய நெடுந்தூர சைக்கிள் பாதையில் போவதாக இருந்தால் கவனம்: ரஷ்ய எல்லையை ஒட்டிய பகுதி நிலத்தில் 3 கிலோமீட்டர் அகலம் வரை எல்லை மண்டலம். மஞ்சள் பலகையைத் தாண்ட எல்லைக் காவல்படையின் அனுமதி வேண்டும். வரைபடத்தில் குறுக்குவழி தெரிகிறதே என்று நுழைந்தால் அபராதம்.

கேள்வி: இந்தியாவிலிருந்து சுற்றுலா வருகிறேன். அங்கேயே சைக்கிள் வாங்கி ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறலாமா? 25.5 சதவீதமாமே!

பதில்: கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்லாந்தில் வரிவிலக்கோடு வாங்கும் பொருள் பயன்படுத்தப்படாமல் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஓட்டிய சைக்கிளுக்குக் கிடையாது.

கேள்வி: மின்சார சைக்கிள் கொண்டுவரலாமா?

பதில்: கப்பலில் வந்தால் சரி. பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியை ஏற்ற மாட்டார்கள், மின்சார சைக்கிளில் அது 400, 500 இருக்கும். பேட்டரி இல்லாமல் வந்து அங்கே வாங்குவது தலைவலி.

கேள்வி: நான் சைவம். சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: வார நாட்களில் மதியம் 'லௌனஸ்' (மதிய உணவு) பலகை தொங்கும் இடங்களைப் பிடியுங்கள். சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்த்து பத்துக்கு மேல் பதினைந்து யூரோவுக்குள், வேண்டுமளவு போட்டுக்கொள்ளலாம். சைவ வகை இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். மற்ற வேளைக்கு ஓட்ஸும் கம்பு ரொட்டியும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்குவது வீண். யுஹன்னுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகை ஜூன் 20க்கும் 26க்கும் இடைப்பட்ட சனிக்கிழமை வரும். அதற்கு முந்தைய நாளிலிருந்தே கிராமக் கடைகள் பல மூடிவிடும், வியாழனன்றே வாங்கி வைத்துவிடுங்கள். லாப்லாந்தில் கடைக்கும் கடைக்கும் இடையே 80, 90 கிலோமீட்டர் போக வேண்டிய நீட்சிகள் உண்டு. ஒரு நாள் உணவு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு வாரம்தான் விடுமுறை. தனியாக முதல் முறை. அதிகச் செலவில்லாத வழி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: துர்குவிலிருந்து தீவுக்கூட்டச் சுற்றுப்பாதை, சுமார் 250 கிலோமீட்டர். பராய்னென், நௌவோ, கொர்ப்போ, ஹௌட்ஸ்காரி, இனியோ, குஸ்தாவி, நான்தாலி என்று சுற்றி மறுபடி துர்கு. நடுவில் வரும் மஞ்சள் படகுகள் சாலையின் பகுதியாகவே கருதப்படுவதால் இலவசம். ஹௌட்ஸ்காரிக்கும் இனியோவுக்கும் நடுவே ஓடுவது மட்டும் கட்டணப் படகு, கோடைக்காலத்தில்தான் ஓடும். அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களைத் திட்டமிடுங்கள், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். ஹெல்சிங்கியிலிருந்து துர்குவுக்கு ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். இடங்கள் கொஞ்சம்தான், ஜூலையில் சீக்கிரம் தீரும்.

அந்தத் தீவுகளில் உண்ணி அதிகம். அது பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. பாதுகாப்பு வர இரண்டு ஊசி வேண்டும், நடுவே ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி. ஆகவே வசந்தத்திலேயே தொடங்கிவிடுங்கள். அதே உண்ணி பரப்பும் லைம் நோய்க்கு அந்த ஊசி பயன்படாது. தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். மருந்துக் கடையில் உண்ணி எடுக்கும் இடுக்கி சில யூரோதான், துர்குவில் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.